புதுப்பிப்பு: பாலாற்றில் மணல் அரித்த மூன்று மாதம்

ஓய்வு பெற்றதும் பாலாற்றில் தங்கம் அரித்துப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தேன். கிடைத்ததா என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் காலையில் ஆற்றுக்குப் போகாத நாள் நாளாகவே தெரிவதில்லை.

தகரத் தட்டை விட்டுவிட்டு உள்ளே வரி வரியாக இருக்கும் அம்மாவின் அரிக்கன்சட்டிக்கு மாறினேன். அரிசியில் கல் அரிக்கிற அதே வேலைதான்; தங்கம் மணலைவிட 7 மடங்கு கனம், உள்வரிகளில் தங்கிவிடும். பயிற்சிக்காகத் தூண்டில் ஈயக்குண்டு 10 போட்டு அரிக்கிறேன். முதலில் ஆறு குண்டுகள் தப்பின, இப்போது பத்தும் நிற்கின்றன. தண்ணீருக்குள் நன்றாக ஆட்டிக் கனமானதை அடியில் இறக்கணும், அப்புறம்தான் சாய்க்கணும்.

கடைசியில் மிஞ்சுவது கறுமணல். காந்தம் வைத்தால் பாதி ஒட்டிக்கொள்கிறது. போன வாரம் மினுக்கிய ஒன்றை ஊசியால் அழுத்தினேன், இதழ் இதழாகப் பிரிந்தது. காக்காப்பொன், அதாவது மைக்கா! தங்கமென்றால் நசுங்கியிருக்கும்.

நந்தி மலையில் பிறந்து கோலார் வழியாக வரும் ஆறு இது. தங்கவயலுக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலா ஏரியும் இதன்மேல்தான். அதனால் எனக்கு நம்பிக்கை குறையவில்லை.

அரித்த மணலை அங்கேயே கொட்டி மட்டப்படுத்திவிட்டுத்தான் வருகிறேன். மழையில் தேங்கிய குட்டை வற்றும்வரை போவேன்.