அவர் பெயரில் இல்லாத நிலம்

மீனா (நெப்ராஸ்கா): பெரியப்பா, உங்கள் உதவி வேண்டும். இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கின்றன. அவருடைய கொள்ளுப்பாட்டி இந்த ஊருக்குக் குடியேறிய புதிதில் இந்தியானாவில் இருந்த தங்கைக்கு எழுதியவை. தங்கை இறந்த பிறகு அந்த வீட்டார் திருப்பிக் கொடுத்தார்களாம். பக்கத்துக்குப் பக்கம் "எங்கள் நிலம்" என்று வருகிறது. ஆனால் அமெரிக்க அரசு நிலப் பதிவுத் தளத்தில் கொள்ளுத்தாத்தா பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை.

பெரியப்பா: விலைக்கு வாங்கிய நிலமா, அரசு கொடுத்ததாம்மா?

மீனா: அரசு கொடுத்தது. ஹோம்ஸ்டெட் சட்டம், 1862-இல் லிங்கன் கையெழுத்திட்டது. குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்டினால்தான் பத்திரம்.

கார்த்தி: 18 டாலருக்கு 160 ஏக்கரா!

பெரியப்பா: நம்மூர் நிபந்தனைப் பட்டா மாதிரி. பணம் கொஞ்சம், பாடு அதிகம். அந்த ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்று கடிதத்தில் பார்.

சித்தி: எங்களுக்கும் சொல்லு மீனா. என்ன எழுதியிருக்கிறார்?

மீனா: மரமே இல்லாத பூமி சித்தி. புல்லை வேரோடு பாளம் பாளமாக வெட்டி, செங்கல் போல அடுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். கூரையிலிருந்து மண் உதிர்ந்து சாப்பாட்டில் விழுகிறது என்று உத்தரத்துக்குக் கீழே துணி கட்டினாராம். மழை விட்ட பிறகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்குமாம். அதையெல்லாம் எழுதிவிட்டு, வாடகை இல்லாத வீடு என்று சந்தோஷப்படுகிறார்.

மீனா (நெப்ராஸ்கா): ஒரு கடிதத்தில் வெட்டுக்கிளி. சோளத்தைத் தின்று முடித்துவிட்டு வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்றதாம். வரிசையாகக் குழிகள் மட்டும் மிச்சம். அந்தக் கடிதத்தில் வருடம் இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தையே அழித்த வெட்டுக்கிளிப் படை வந்தது 1874 கோடையில். அதனால் அப்போதுதான் இருக்க வேண்டும்.

சித்தி: ஐயோ பாவம்.

பெரியப்பா: அதற்கு அடுத்த கடிதம்?

மீனா: அடுத்த குளிர்காலம். கணவர் நிமோனியாவில் இறந்துவிட்டார். சின்னக் கடிதம். பிள்ளைகள் நலம், மாடு நலம், நான் நிலத்தை விடப்போவதில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

பெரியப்பா: அப்படியானால் அவர் பெயரில் பத்திரம் எப்படி வரும்? கெடு முடியும் முன்பே போய்விட்டார். வாரிசு யாரோ அவர் பெயரில்தான் வந்திருக்கும். அந்த அம்மா பெயரில் தேடு.

மீனா: சரிதான். விதவை மீதிக் காலத்தை முடித்துத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருங்கள்.

மீனா: வரவில்லை பெரியப்பா 😔

ராஜி அத்தை: அந்த அம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டாரா? தனி ஆளாக அத்தனை ஏக்கரை எப்படிப் பார்ப்பார்?

மீனா: ஆமாம் அத்தை! பக்கத்து நிலத்துக்காரரைப் பண்ணிக்கொண்டார், பின்னால் ஒரு கடிதத்தில் இருக்கிறது. அந்தக் குடும்பப் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன்.

மீனா: கிடைத்துவிட்டது!!! "முன்பு இன்னாரின் விதவை" என்று கணவர் பெயரோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இதே மாவட்டம்தான்.

ராஜி அத்தை: 🙏🙏

பெரியப்பா: அருமை ராஜி. நாற்பது வருடம் பதிவுத் துறையில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை பார்.

கார்த்தி: கீழே ஜனாதிபதி கையெழுத்தா அது?

மீனா: பெயர் அவருடையது, எழுதியது ஒரு செயலர். அத்தனை பத்திரத்திலும் போட முடியாமல் 1833-இல் சட்டம் போட்டு அந்த வேலைக்கு ஆள் வைத்தார்கள்.

பெரியப்பா: நாலெல்லை எப்படிச் சொல்லியிருக்கிறது?

மீனா: எல்லை வர்ணனையே கிடையாது. ஊர் வருவதற்கு முன்பே ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டமாக நாட்டை அளந்துவிட்டார்கள். ஒரு கட்டத்துக்குள் 36 பிரிவு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எந்தப் பிரிவில் எந்தக் கால்பகுதி என்று சொன்னால் போதும்.

பெரியப்பா: நல்ல முறை. சரி, பத்திரம் ஒரு பக்கம்தான். அதற்குப் பின்னால் கோப்பு இருக்குமே, விசாரணை, சாட்சி வாக்குமூலம் எல்லாம்?

மீனா: இருக்கிறது, வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில். பத்திரத்தில் உள்ள சான்றிதழ் எண்ணைக் கொடுத்து நகல் கேட்கலாம். அதில் என்னென்ன இருக்கும் என்பதற்கு டேனியல் ஃப்ரீமன் கோப்பைச் சொல்கிறேன். 1863 ஜனவரி 1-ஆம் தேதி, சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே மனு போட்டவர். அவர் நிலம் இங்கே பியாட்ரிஸ் பக்கத்தில்தான், இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா. சாட்சிகள் சொன்னது அப்படியே இருக்கிறது: 14-க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், 35 ஏக்கர் உழுதது, 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம்.

சித்தி: ஜன்னலைக் கூட எண்ணியிருக்கிறார்களே.

மீனா: ஆனால் அந்தக் கோப்பை மட்டும் படித்தால் ஃப்ரீமனின் மனைவி ஆக்னஸ் எப்படி அங்கே வந்தார் என்று தெரியாது சித்தி. அவர் ஃப்ரீமனின் தம்பிக்கு நிச்சயமானவர். தம்பி உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். ஃப்ரீமன் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து, கடிதத்திலேயே பேசி முடித்து, 1865-இல் கல்யாணம்.

கார்த்தி: ஒன்று கேட்கவா? 1863-க்கு முன்னால் அந்த நிலம் யாருடையது?

மீனா: ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது கார்த்தி. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. அவர்களைக் கன்சாஸ் எல்லையோரம் ஒரு சின்ன ஒதுக்கீட்டில் வைத்து, 1881-இல் அங்கிருந்தும் ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பா: அப்படியானால் பாட்டியின் குடும்பத்துக்குத் தாய்ப்பத்திரம் அந்த ஒப்பந்தம்தான். அதன் நகலையும் எடுத்து இதோடு வைக்கச் சொல். வில்லங்கம் பார்ப்பவன் பாதியில் நிறுத்தக் கூடாது.

மீனா: சொல்கிறேன் பெரியப்பா. அவரும் அதைத் தெரிந்துகொள்ள விரும்புவார். கொள்ளுப்பாட்டி ஒரு கடிதத்தில், ஓட்டோ பெண்கள் வாசலுக்கு வந்து ரொட்டி வாங்கிப் போனதாக எழுதியிருக்கிறார்.

பெரியப்பா: இன்னொன்று. உறைகளைத் தூக்கிப் போட வேண்டாம். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும், வருடம் இல்லாத கடிதங்களை வரிசைப்படுத்த அது உதவலாம். எந்தக் கடிதம் எந்த உறையில் இருந்ததோ அப்படியே சேர்த்து வைத்து ஸ்கேன் பண்ணுங்கள்.

மீனா: சரி பெரியப்பா. கோப்பு நகலுக்கு இன்றே எழுதிப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் பண்ண உட்காருகிறோம். பாட்டி சம்மதித்தால், எழுத்துப் புரியாத பக்கங்களை இங்கே போடுகிறேன்.

ராஜி அத்தை: அந்தச் சின்னக் கடிதத்தை முதலில் போடு.