புதுப்பிப்பு: வடசேரி வீட்டுக் கார் ஷெட்

வீட்டு முன்னால் கார் நிறுத்தப் போட்ட தகர ஷெட்டுக்கு அனுமதி இல்லை என்று நோட்டீஸ் வந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். தற்காலிகமானதற்கு எதற்கு அனுமதி என்று கொதித்தும் இருந்தேன்.

சரி, வரைபடத்தோடு ஒரு பொறியாளரைப் பார்த்தேன். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் புரட்டினார். ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். எங்கள் வரைபடத்திலும் அந்த இடம் பக்கவாட்டில் இருக்கிறது. அம்மா அங்கே விறகும் தேங்காய் மட்டையும் அடுக்கியிருக்கிறாள்! ஷெட் நின்றதோ, காலியாக விட வேண்டிய முன்பக்கத்தில். நான்கு கால்களும் காங்கிரீட்டில். "இதையா தற்காலிகம்னு சொல்லுதிய?" என்று சிரித்தார்.

விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்கும் சுயசான்று முறையில் முடிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024-இல் வந்த அந்த முறை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு. முன்பக்க ஷெட்டை அது காப்பாற்றாது.

ஷெட்டைக் கழற்றியாயிற்று. மட்டை கொல்லைக்குப் போனது, அம்மாவுக்கு இன்னும் கோபம். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குத்தான் சந்தோஷம். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் எங்கள் தகரத்துத் தண்ணீர் அவர் நடையில்தான் விழுந்துகொண்டிருந்ததாம். இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை மனிதர்.