அப்பாவோட பழைய பெல்ஸ் பேன்ட்ல கீழ ஜிப் வச்சு தச்சிருக்கு, எதுக்குன்னு யாருக்காவது தெரியுமா?

பரண்மேல்_பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு, போன வாரம்தான் நானும் அம்மாவும் பரண்ல இருந்த அவரோட ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். பழைய மார்க் ஷீட், எல்ஐசி ரசீது எல்லாத்துக்கும் அடியில பாச்சா உருண்டை வாசத்தோட ஒரு பெல்ஸ் பேன்ட் மடிச்சு வச்சிருந்துச்சு. காப்பிப்பொடி கலர், டெரிகாட்டன்னு நினைக்கிறேன், இத்தனை வருஷம் ஆகியும் முன் மடிப்பு அப்படியே நிக்குது.

தரையில விரிச்சு டேப் வச்சு பார்த்தேன், பாட்டம் சுத்தளவு 26 இன்ச். என் சந்தேகம் என்னன்னா கீழ மடிச்சு தச்ச ஓரத்துல, உள்பக்கமா, குதிகால் வர்ற இடத்துல பித்தளை ஜிப்போட ஒரு பக்க பல் வரிசையை மட்டும் வச்சு தச்சிருக்கு. ரன்னர் கிடையாது, இன்னொரு பக்கமும் கிடையாது, எதையும் மூடவும் இல்ல திறக்கவும் இல்ல. அம்மாகிட்ட கேட்டா தெரியலங்குறாங்க, அவங்க கல்யாணம் 84ல, அதுக்கப்புறம் அப்பா இதைப் போட்டுக்கிட்டு வெளிய போய் அவங்க பார்த்ததே இல்லையாம்.

பெட்டியில ஒரு ஸ்டுடியோ போட்டோவும் இருந்துச்சு, பின்னாடி 1979ன்னு பேனாவுல எழுதியிருக்கு. அதே பேன்ட், காதை மூடுற முடி, காது மடல் வரைக்கும் கிருதா, தோள்பட்டையைத் தொடுற காலர், கையில எச்எம்டி வாட்ச். இடது காலை ஒரு அடி முன்னாடி வச்சு நிக்கிறார், பெல்ஸ் நல்லா தெரியணும்னே. எனக்குத் தெரிஞ்ச அப்பா கட்டம் போட்ட அரைக்கை சட்டை, சாம்பல் கலர் பேன்ட், இதைத் தவிர வேற எதையும் போட்டதில்ல. இந்தப் பையனை எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. திண்டுக்கல் பக்கத்து கிராமத்துல இருந்த காலேஜ் பையனுக்கு இதெல்லாம் எப்படி வந்து சேர்ந்துச்சு? அந்தக் காலத்தைப் பார்த்தவங்க சொல்லுங்க. இதே மாதிரி ஒன்னு எனக்கு இப்போ தச்சுக்க முடியுமான்னும் சொல்லுங்க.

காஜா_பையன்:

தம்பி, உங்க அப்பா ஆத்மா சாந்தியடையட்டும். எங்க அப்பா மதுரையில டெய்லர், நான் பன்னண்டு வயசுலயே ஸ்கூல் விட்டு வந்ததும் கடையில உக்காந்து காஜா எடுத்தவன், அதனால இதை என்னால கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியும்.

அந்த ஜிப் ஓரம் தேயாம இருக்க வச்சது. பெல்ஸோட கீழ்த்தையல் நேரா இருக்காது, முன்னாடி ஷூ மேல கொஞ்சம் தூக்கி, பின்னாடி சரிஞ்சு குதிகால் வரைக்கும் இறங்கும், கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் பின் ஓரம் ரோட்டுல உரசும். டெரிகாட்டன் அப்படி உரசினா ரெண்டே மாசத்துல நூல் நூலா பிரிஞ்சு தொங்கும். துணிக்குப் பதிலா பித்தளைப் பல்லு ரோட்டுல உரசட்டும்னுதான் இந்த வேலை. ஒரு ஜிப்பை எடுத்து ரன்னரைக் கழட்டிட்டா ரெண்டு பக்கமும் தனித்தனியா வந்துடும், இந்தக் காலுக்கு ஒன்னு அந்தக் காலுக்கு ஒன்னு. உங்க அப்பா பேன்ட்ல பல்லு தேஞ்சு பளபளன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா நல்லா நடந்திருக்கார்னு அர்த்தம். சிமெண்ட் தரையில நடந்து வந்தா சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துக்காகவே சுத்திலும் ஜிப் வைக்கச் சொன்ன பசங்க உண்டு. வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை, தெருவைக் கூட்டிக்கிட்டு வர்றான் பாரு.

எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு கேட்டீங்க. கமலும் ரஜினியும் பெல்ஸ் போட்டு வந்துக்கிட்டு இருந்த காலம், படம் பார்த்துட்டு நேரா டெய்லர் கடைக்குத்தான் வருவாங்க. ரெடிமேட்ங்கிறதே எங்க பக்கம் பெருசா கிடையாது, துணி எடுத்து தைக்கிறதுதான், அதுவும் முக்கால்வாசி பேருக்கு தீபாவளிக்கு ஒன்னு. அதனால அந்த ஒன்னுக்கு நடக்குற பேச்சுவார்த்தை இருக்கே, அப்பப்பா. அப்பனும் மகனும் சேர்ந்து வருவாங்க, அப்பன் 20 வைங்கன்னுவார், மகன் 28ன்னுவான், எங்க அப்பா டேப்பை கழுத்துல போட்டுக்கிட்டு ரெண்டு பேரையும் பார்த்துட்டு கடைசியில 24ல முடிப்பார். மகன் சாயங்காலம் தனியா ஓடி வந்து, அண்ணே ரெண்டு இன்ச் சேர்த்து வைங்க, அப்பாவுக்கு தெரிய வேணாம்னு கெஞ்சுவான். 26ன்னு சொன்னதுமே எனக்கு அதான் தோணுச்சு, உங்க தாத்தாவுக்கு தெரியாம வாங்கின 26ஆ இருக்கும் அது.

பெல்ஸுக்கு முட்டிதான் உயிர். தொடையில பிடிச்சு, முட்டியில இன்னும் பிடிச்சு, அங்கிருந்துதான் விரியணும், முட்டியை ஒரு இன்ச் கூட்டிட்டா பைஜாமா மாதிரி ஆயிடும். சட்டைக்கு நாய்க்காது காலர், உள்ள பக்ரம்னு ஒரு விறைப்பான துணி வச்சு அடிக்கணும், இல்லன்னா காது தொங்கிடும்.

இன்னொன்னு, பேன்ட்டை உள்பக்கம் திருப்பி பின் தையலைப் பாருங்க. இடுப்புக்கு கீழ ஒன்றரை ரெண்டு இன்ச் துணி விட்டிருப்பாங்க, வளர்ற பையன் பிரிச்சு விட்டுக்கலாம்னு.

நைலக்ஸ்_அக்கா:

பசங்க கதையாவே போகுது, பொண்ணுங்க பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிக்கிறேன். நான் தஞ்சாவூர் பக்கம், 77ல எட்டாவது. எங்களுக்கு பாவாடை சட்டை, வயசுக்கு வந்தா பாவாடை தாவணி, கல்யாணம் ஆனா புடவை, இதுக்கு நடுவுல எதுக்கும் இடமே கிடையாது. அந்த சந்துல புகுந்து வந்ததுதான் மேக்சி. கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கும்ல, அதனால வீட்டுலயும் ஒன்னும் சொல்ல முடியல. எங்க அம்மாவோட நைலக்ஸ் புடவை ஒன்னு, ரோஸ் கலர்ல பெரிய பெரிய வெள்ளைப் பூ, முந்தானை பக்கம் அடுப்புப் பொறி பட்டு ஓட்டை ஆயிடுச்சு, அந்த இடத்தை ஒதுக்கிட்டு மிச்சத்துல எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கொரு மேக்சி தச்சாங்க, கீழ ரெண்டு வரிசை ஃப்ரில் வச்சு. கோயிலுக்கு போட்டுக்கிட்டு போய் பிரகாரத்துல காத்து அடிச்சப்போ அந்த ஃப்ரில் பறந்ததை இப்போ நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. நைலக்ஸ் வேர்த்துக் கொட்டும், உடம்புல ஒட்டும், எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

அப்புறம் 85ல சினிமாவுக்கு நடிகை நதியா வந்தாங்க, வந்ததும் வளையல் கடை மொத்தமும் அவங்க பேருக்கு மாறிடுச்சு. நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை, அப்படின்னு சொல்லித்தான் கேட்போம், கடைக்காரர் வேற எதுவும் கேக்காம எடுத்து வைப்பார். நான் அப்போ வேலைக்கு போக ஆரம்பிச்சிருந்தேன், என் முதல் சம்பளத்துல தங்கச்சிக்கு பெரிய வளையமா ரெண்டு ஜோடி கம்மல் வாங்கிட்டு போனேன். ஜாக்கெட்டுக்கு பஃப் கை வச்சதும் அதே வருஷங்கள்தான், தோள்ல பலூன் மாதிரி நிக்கணும், துவைச்சா அமுங்கிடும், உள்ள பேப்பர் சுருட்டி வச்சு காய வைப்போம். குங்குமச் சிமிழ் போய் ஸ்டிக்கர் பொட்டு வந்ததும் அப்போதான், எங்க வீட்டு நிலைக்கண்ணாடி ஓரம் பூராவும் ஒட்டி வச்ச பொட்டா இருக்கும்.

தம்பி, உங்க அப்பா போட்டோவுல காலை முன்னாடி வச்சு நின்னதா எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும் கண் கலங்கிடுச்சு, எங்க அண்ணன் போட்டோவுலயும் அதே மாதிரிதான் நிப்பார்.

வல்லிபுரக்_காத்து:

நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். எங்கட பக்கக் கதையையும் சொல்லுறன். 70இல இருந்து 77 வரைக்கும் இலங்கையில பிரதமர் சிறிமாவோ அம்மையாரின்ர ஆட்சி, இறக்குமதியை நல்லா இறுக்கிப் பிடிச்சவை. வெளியில இருந்து மிளகாய் வெங்காயம் வராது எண்டபடியா எங்கட தோட்டக்காரருக்கு நல்ல விலை, கையில காசு புழங்கின காலம் அது, ஆனா அந்தக் காசைக் குடுத்து நல்ல துணி வாங்கக் கடையில துணி இல்லை. என்ர பெரியண்ணை மிளகாய்க் காசை வச்சுக்கொண்டு ஒரு பெல்பொட்டத்துக்கு அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. வல்வெட்டித்துறைப் பக்கம் இந்தியாவில இருந்து கடலால சாறியும் துணியும் வந்திறங்கினது ஊரறிஞ்ச விசயம், அப்பிடி வந்த துணியிலதான் கடைசியா அண்ணை பெல்பொட்டம் தைச்சவர். எந்த ஊர்க் கடையில வெட்டின துணியோ தெரியாது, மதுரையில டேப் வச்சு அளந்த அதே காலத்தில இங்கையும் எங்கட ரெயிலர் அதே அளவைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் எண்டு நினைக்க எனக்குச் சந்தோசமாக் கிடக்கு.

77இல ஜே.ஆர். ஜெயவர்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டாப் பிறகு யாழ்ப்பாணம் பெரியகடைச் சந்தை முழுக்க ஜீன்ஸும் ரீசேட்டும் தொங்கத் தொடங்கீட்டுது. ஆனா அண்ணை அந்தப் பெல்பொட்டத்தை விடேல்லை, கன காலம் போட்டவர். 87 மே மாசம் வடமராட்சியில இலங்கை ஆமியின்ர ஒபரேஷன் லிபரேஷன் தாக்குதல் தொடங்கி நாங்கள் உடுத்த உடுப்போட ஓடேக்க அதுவும் போச்சு, படங்களும் போச்சு. அண்ணையும் இப்ப இல்லை. உங்களிட்டப் படமும் இருக்கு, உடுப்பும் இருக்கு தம்பி. வேப்பிலை போட்டு, ஒவ்வொரு வருசமும் வெயில்ல காய வச்சு எடுத்து வையுங்கோ.

ஸ்டோன்வாஷ்_95:

எல்லாரும் 70ஸ் பேசுறீங்க, நான் 90ஸ் ஆளு, டெய்லர் கதை எங்களோட முடிஞ்சு போச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். 95ல ரஃப் அண்ட் டஃப்னு அரவிந்த் மில்ஸ் ஒரு ஜீன்ஸ் கிட் விட்டாங்க, 195 ரூபாய், பாக்கெட்டுக்குள்ள டெனிம் துணி, ஜிப், பட்டன், ரிவெட்டு, பின்னாடி ஒட்டுற பட்டை எல்லாம் இருக்கும், டெய்லர்கிட்ட குடுத்து தச்சுக்கணும். எங்க தெரு டெய்லர் தாத்தாகிட்ட குடுத்தேன். அவரோட கால் மிஷின்ல தொடை சேர்ற இடத்துல துணி நாலு மடிப்பா வந்தப்போ ஊசி ஒன்னு உடைஞ்சுது, ரெண்டாவதும் உடைஞ்சுது, அப்புறம் அவர் மெழுகுவர்த்தியை எடுத்து அந்தத் தையல் மேல தேய்ச்சு, சக்கரத்தை கையால ஒவ்வொரு தையலா உருட்டி முடிச்சார், ரிவெட்டை சின்ன சுத்தியல் வச்சு அம்மிக்கல் மேல அடிச்சார். எனக்கு அளவெடுத்து தச்ச கடைசி பேன்ட் அதுதான். அதுக்கப்புறம் எல்லாமே 32, 34ன்னு சைஸ் பார்த்து வாங்கினதுதான், ஒன்னு கூட அந்த மாதிரி இடுப்புல உக்காரல, இதை நான் மனசார சொல்றேன்.

காஜா_பையன்:

ஸ்டோன்வாஷ் தம்பி, மெழுகு தேய்க்கிறது எங்க அப்பாவும் செய்வார், படிச்சதும் அவர் கையே கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

பரண்மேல் தம்பி, தச்சுக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க, தாராளமா முடியும். இப்போ வர்ற ஸ்ட்ரெட்ச் துணி வேணாம், அது தொங்கிடும், விழுற விழுப்பு வராது. 67க்கு 33 பாலியஸ்டர் காட்டன்னு கேட்டு கொஞ்சம் கனமான சூட்டிங் எடுங்க, பாலியஸ்டர் கூட இருந்தாத்தான் மடிப்பு நிக்கும், உங்க அப்பா பேன்ட்ல இன்னிக்கு வரைக்கும் மடிப்பு நிக்குதுன்னீங்களே, காரணம் அதுதான். சாதா பேன்ட்டை விட பத்து இருபது சென்டிமீட்டர் கூடவே எடுங்க. வயசான டெய்லரா பார்த்து பழைய பேன்ட்டையே கையில குடுத்துடுங்க, வாயால சொல்ல வேணாம். பிரிச்சு அளவெடுக்கிறேன்னு சொன்னா மட்டும் விட்டுடாதீங்க, மேல வச்சு மார்க் பண்ணச் சொல்லுங்க.

பரண்மேல்_பெட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா அம்மாவுக்கு இதைத்தான் படிச்சு காட்டிக்கிட்டு இருக்கேன். வேப்பிலை பறிச்சு வச்சாச்சு ஐயா.

காஜா பையன் அண்ணே, பித்தளைப் பல்லு வலது கால்ல மழமழன்னு தேஞ்சு போயிருக்கு, இடது கால்ல அவ்வளவு இல்ல. நீங்க சொன்ன மாதிரி உள்பக்கம் திருப்பியும் பார்த்தேன். பின் தையல்ல பழைய ஊசி ஓட்டை வரிசை ரெண்டு தெரியுது, அதாவது ரெண்டு தடவை பிரிச்சு விட்டிருக்காங்க. முதல் தடவை மிஷின் தையல், ரெண்டாவது கருப்பு நூல்ல கையால போட்ட பின்தையல், துணி மிச்சமே இல்லாம ஓரம் வரைக்கும் விட்டிருக்கு. அம்மா வாங்கி வெளிச்சத்துல வச்சு பார்த்துட்டு, இது என் தையல்தான்னு சொன்னாங்க. எனக்கு ஒன்னும் புரியல, அப்பா போட்டு பார்த்ததே இல்லன்னீங்களேன்னு கேட்டேன். வெளிய போடலடா, நீ வயித்துல இருக்கும்போது ஒரு நாள் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்து இடுப்பு பத்தல, பிரிச்சு விடுன்னு கேட்டார், போட்டுக்கிட்டு எனக்கு மட்டும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து காட்டினார், சர்ரு சர்ருன்னு சத்தம் வந்துச்சு, அது எதுல இருந்து வருதுன்னு நான் அன்னிக்கு கேக்கலன்னு சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை அம்மாவும் நானும் துணி எடுக்கப் போறோம். பாட்டம் 26தான்.