அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜானி கார்சன் விடைபெற்றது எந்த இரவு?

இரவுப்பணி:
1992இல் நியூ ஜெர்சியில் ஒரு பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை எனக்கு. கல்லாவுக்கு மேலே சின்ன டிவி. பாடகி பெட் மிட்லர் ஜானி கார்சனைப் பார்த்துப் பாட, மனுஷன் கண் கலங்கிவிட்டார். பெட்ரோல் போட வந்த ஒருவர் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஜன்னலில் சாய்ந்து நின்று பார்த்தார். (அங்கே வண்டிக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ள முடியாது, சட்டம்.) அதுதான் அவர் நடத்திய இரவு நிகழ்ச்சியான 'டுனைட் ஷோ'வில் அவருடைய கடைசி இரவு என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். மகள் இல்லை என்கிறாள். யார் சரி?

பழைய ஆன்டெனா:
மகள்தான். மிட்லர் வந்தது மே 21, நடிகர் ராபின் வில்லியம்ஸும் அன்றுதான். மறுநாள் விருந்தினரே கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து பழைய காட்சிகளைக் காட்டினார், மனமார நல்லிரவு சொன்னார், போய்விட்டார். 1962 அக்டோபரில் தொடங்கிய 30 வருஷ ஓட்டம். எனக்கென்னவோ மிட்லர் பாடிய இரவுதான் உசத்தி.

குட்டித்தூக்கம்:
ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளரான லெட்டர்மேனுக்கு ஜோக் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். 2005இல் கார்சன் இறந்ததும், லெட்டர்மேன் ஒருநாள் தொடக்க உரை முழுக்க அந்த ஜோக்குகளையே சொன்னார். யார் எழுதியது என்பதை அப்புறம்தான் வெளியிட்டார்.

இரவுப்பணி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். 22 வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. அறையில் டிவி கிடையாது.