பர்மா கடைக் கணக்கு: உங்கள் கண்ணால் கண்டது, காதால் கேட்டது

கண்டனூரான்:
பர்மாவில் பியாப்பொன் போயிருந்தேன். எங்கள் ஐயா வட்டிக்கடை வைத்திருந்த ஊர். விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த டாசன் பேங்க் இருந்ததும் அங்கேதான். டீக்கடையில் ஒரு பெரியவர், நான் செட்டியார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அந்த வயல் எங்க தாத்தாவோடது. பத்திரம் உங்க வீட்டுல இன்னும் இருக்கா?" என்றார். இருக்கிறது. மரப்பெட்டியில், செவ்வரக்கு முத்திரையோடு. எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்தாள் பேரன்:
நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? 1930-ல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம்தான். நெல் விலை விழுந்தது, வட்டி நின்றது, அடமான நிலம் கைக்கு வந்து 1938-ல் 25 சதவீதமாகிவிட்டது. முதலாளிகள் கேட்டது பணம், சேற்று வயல் இல்லை. டாசன் பேங்க் மட்டும் என்ன, நிலத்தை அடமானம் பிடிக்காமலா கடன் கொடுத்தது?

எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் சிறுவனாகப் போய், ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் ஆனவர். தமிழ் மாதம் 16-ம் தேதி ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் எல்லா விலாசக்காரர்களும் (செட்டியார் கடைக்காரர்கள்) கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பகலெல்லாம் ஒரே ஆளுக்குக் கடன் கொடுக்கப் போட்டி போட்டவர்கள், அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். ஒருவர் கையில் பணம் குறைந்தால் இன்னொருவர் கொடுப்பார். வெளி ஆளால் அதற்குள் எப்படி நுழைய முடியும்?

தேவகோட்டை ஆச்சி:
என் மாமியார் 1942-ல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது நகை இல்லை, ஐந்தொகைக் காகிதம், கடையின் வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் காட்டும் கணக்கு! அதைப் பிரித்துக் காட்டும்போது மடிப்பு மடிப்பாக உடைந்தது. அதனால் சொல்கிறேன், பேரேட்டை (கணக்குப் புத்தகத்தை) லேமினேட் செய்யாதீர்கள். வெயிலில் போடாதீர்கள். முதலில் விலாசம் (கடைப் பெயரின் எழுத்துகள்) உள்ள அட்டையைப் படம் எடுங்கள், அப்புறம் பக்க வரிசை கலையாமல் உள்ளே. பர்மியர் கையெழுத்தோ கைரேகையோ இருந்தால் அந்தப் பக்கத்தைத் தனியாகவும் எடுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடவே போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதன் மூலச் சேகரிப்பே நம் கோட்டையூரில் இருந்து போனதுதான்.

கண்டனூரான்:
ஆச்சி, சரி, செய்கிறேன். பேரன் அண்ணே, 6, 25 எல்லாம் எனக்கும் தெரியும். நிலத்தை அரசுடைமையாக்கிய பர்மாவின் 1948 நிலச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பத்திரம் செல்லாது என்பதும் தெரியும். ஆனால் அந்த டீக்கடைப் பெரியவர் பணம் கேட்கவில்லையே! தாத்தா பெயர் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்டார். ஒரு நகல் எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். பர்மிய எழுத்து படிக்கத் தெரிந்தவர் இங்கே யாராவது இருக்கிறீர்களா?