மூன்றாம் பிறை கிளைமாக்ஸ்: யாருக்காக அழணும்?

பழம்படப் பிரியன்:
1982ல படம் வந்ததுல இருந்து எல்லாரும் கமல் நடிச்ச வாத்தியார் சீனுவுக்காகத்தான் அழுதுட்டு இருக்கோம், எனக்கு என்னமோ அது நியாயமா படல. கார் ஆக்சிடென்ட்ல பழசெல்லாம் மறந்து கொழந்த மாதிரி ஆகி விபச்சார விடுதி வரைக்கும் போன பொண்ணு, பேப்பர்ல விளம்பரம் குடுத்து தேடிட்டிருந்த அப்பா அம்மாகிட்ட பத்திரமா போய் சேந்துட்டா. சுபம் போட வேண்டிய எடம் சார் அது.

கேத்தி பாசஞ்சர்:
அந்த ஸ்டேஷன் சீன பாத்துட்டுமா இப்படி சொல்றீங்க? சீனு மழையில நனைஞ்சு, ஒடம்பெல்லாம் சேறு, கால நொண்டிக்கிட்டே வந்து தலையில பானைய வச்சு குரங்கு வித்தை காட்டுறான். வீட்ல அவ பாத்து சிரிச்ச அதே வித்தை. குணமானதும் அவன மறந்துட்ட அவளோ, யாரோ பைத்தியம்னு நெனச்சு பாக்குறா. அவள அந்த எடத்துல இருந்து கூட்டிட்டு வந்து சோறு போட்டு வைத்தியத்துக்கு விட்டவனே அவன்தானய்யா! கமலுக்கு நேஷனல் அவார்டு சும்மாவா குடுத்தாங்க.

பழம்படப் பிரியன்:
நடிப்ப யாரு கொற சொன்னா, ஒளிப்பதிவுக்கு பாலு மகேந்திராவுக்கும்தான் குடுத்தாங்க. என் கேள்வியே அந்தக் கேமராவப் பத்திதான். ரயில் கெளம்புனதும் அது சீனுகூடவே பிளாட்பாரத்துல நின்னுடுது, அவ வீட்டுக்குப் போய் என்ன ஆனா, நடுவுல போன நாளப் பத்தி என்ன கேட்டா, ஒரு ஷாட் கெடயாது. அதோட அவன் விஜி விஜின்னு கத்துறான், அது அந்த விடுதிக்காரங்க வச்ச பேரு, வீட்ல அவ பாக்கியலட்சுமி. எப்படி திரும்பிப் பாப்பா?

நரம்பு வைத்தியன்:
நடுவுல ஒண்ணு. தலையில அடிபட்டு முழுசா கொழந்தையா மாறுறதும், வைத்தியர் மருந்துல ஒரேயடியா தெளியறதும் சினிமாவுலதான். நெஜத்துல அடிபடறதுக்கு கொஞ்சம் முன்னாடி நடந்தது அழியும், அடிபட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு புதுசா எதுவும் மனசுல பதியாது, ஆனா சொந்தப் பேரு பொதுவா போகாது. குழம்பிக் கெடந்த நாளு மட்டும் ஞாபகத்துக்கு வராமலே போறது உண்மையாவே நடக்கும். அந்த ஒரு விஷயத்துல படம் சரிதான்.

கேத்தி பாசஞ்சர்:
சரி அவளுக்கு ஞாபகம் இல்ல, அவ மேல தப்பே இல்ல. அப்பாவுக்கு என்ன? வைத்தியர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, மனுஷன் போலீஸ் கம்ப்ளெயின்ட வாபஸ் கூட வாங்கிட்டாரு, பொண்ண இத்தன நாளு பாத்துக்கிட்டவன ஒருதடவ நேர்ல பாத்துட்டுப் போவோம்னு தோணலயே. எனக்கு கோவம் முழுக்க அந்தாளு மேலதான்.

பழம்படப் பிரியன்:
போலீச பாத்து ஒளிஞ்சவன் சீனு. அன்னிக்கு முன்னாடி வந்து நின்னிருந்தா அப்பாகிட்ட பேசியிருக்கலாம்ல?

கேத்தி பாசஞ்சர்:
விடுதியில இருந்து பொண்ண கூட்டிட்டு வந்து யாருக்கும் சொல்லாம வீட்ல வச்சிருந்த வாத்தியார், போலீஸ் முன்னாடி போய் நின்னா அவன் பேசுறத யாரு கேப்பா? நீங்களே அந்த அப்பாவா இருந்தா மொதல்ல அவன் சட்டையப் புடிச்சிருப்பீங்க.