டெக்சஸ் பூங்கா நிதி: நூறு கோடி டாலரைத் தனியாக ஒதுக்கியது சரியா?

ஏரிக்கரை:
2023 நவம்பரில் டெக்சஸ் வாக்காளர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரித்து, மாநிலப் பூங்காக்களை உருவாக்கவும் மேம்படுத்தவும் 100 கோடி டாலரைத் தனி அறக்கட்டளை நிதியாக ஒதுக்கினார்கள். என் ஆதரவு முழுசாக உண்டு. ஃபேர்ஃபீல்டு ஏரிப் பூங்கா போன கதையைப் பாருங்கள். மாநிலம் அந்த 1,800 ஏக்கரை ஒரு மின் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்துத்தான் வைத்திருந்தது, நிறுவனம் விற்க முன்வந்தபோது சட்டென்று வாங்க முடியவில்லை, 2023 ஜூனில் நிலம் ரியல் எஸ்டேட்காரர் கைக்குப் போய்விட்டது. 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலமாக இருக்கும் மாநிலத்தில் இப்படி ஒரு இடம் போனால் போனதுதான்.

வரிகட்டுபவன்:
ஃபேர்ஃபீல்டு கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதற்கப்புறம் அரசு கட்டாயக் கையகப்படுத்தலில் இறங்கியது, மதிப்பீட்டுக் குழு அதற்கு விலை கிட்டத்தட்ட 41.8 கோடி டாலர் என்றது, அரசு கைவிட்டது. இந்த நிதி அன்றே இருந்திருந்தாலும் ஒரே ஏரிக்கு அதில் பாதியை ஒட்டிக் கொட்டியிருப்பீர்களா? என் பிரச்சினை பூங்கா இல்லை. சட்டமன்றம் ஒவ்வொரு முறையும் மக்களுக்குப் பதில் சொல்லித்தான் செலவு செய்ய வேண்டும், இப்படி மாநில அரசியலமைப்பில் எழுதிப் பூட்டிவிட்டால் கேள்வி கேட்க வழி குறைகிறது.

ஏரிக்கரை:
அந்தச் சட்டமன்றத்தின் லட்சணம் தெரியாதா? விளையாட்டுப் பொருள் விற்பனை வரியில் ஒரு பங்கு பூங்காக்களுக்கு என்று 1993இல் சொன்னார்கள், அப்புறம் வருஷக்கணக்கில் அந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் பழுதாகிக் கிடந்ததுதான் மிச்சம். 2019இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் எழுதின பிறகுதான் அது உறுதியானது.

லான்சிங்வாசி:
மிச்சிகனில் 1976இலிருந்தே இது நடக்கிறது. மாநில நிலத்தில் எடுத்த எண்ணெய், எரிவாயுவுக்கு வந்த உரிமத்தொகையைப் போட்டு வளர்த்த நிதியில் நிலம் வாங்குகிறோம். நிலத்தடிச் சொத்து ஒருமுறைதான் கிடைக்கும், அதை விற்ற காசு நிலமாகவே திரும்ப வேண்டும் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. டெக்சஸ் உபரிப் பணத்தை ஒருமுறை போட்டது, எங்களுடையதில் வருமானம் வந்துகொண்டே இருந்தது. அந்த வித்தியாசம் பெரிது.

வரிகட்டுபவன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். டெக்சஸ் நிதி நிலம் வாங்கவும் கட்டுமானத்துக்கும்தான், சம்பளத்துக்கு இல்லை. 2024இல் என்சான்டட் ராக் என்ற பாறைக்குன்றுப் பூங்கா பக்கத்தில் 630 ஏக்கர் வாங்கினார்கள், சந்தோஷம். ஆனால் அதற்குக் காவலர் யார், தீப்பிடித்தால் யார் ஓடுவது? எல்லாம் அதே விற்பனை வரியிலிருந்துதான் வரவேண்டும், பொருளாதார மந்தம் வந்தால் அதுவும் குறையும். மிசௌரியைப் பாருங்கள். 1984இலிருந்து ஒரு டாலர் விற்பனைக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி, மண் பாதுகாப்புக்கும் பூங்காவுக்கும் பாதிப்பாதி, இப்போது பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்களிடம் திரும்பக் கேட்கிறார்கள். 2016இல் எண்பது சதவீதம் பேர் சம்மதித்தார்கள். பராமரிப்புக்கும் அதில் வழி இருக்கிறது.

ஏரிக்கரை:
மிசௌரி மாதிரி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நில உரிமையாளர் இன்றைக்கு விற்கத் தயார் என்று சொல்லும்போது அடுத்த வாக்கெடுப்பு வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. நிலத்தை முதலில் வாங்கட்டும், சாலையும் கழிப்பறையும் அஞ்சு வருஷம் கழித்து வந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுமனை போட்ட இடத்தைத் திரும்பப் பூங்காவாக்க எந்த நிதியும் போதாது.

வரிகட்டுபவன்:
சரி, வாங்குங்கள். வாங்கும் ஒவ்வொரு ஏக்கருக்கும் பராமரிப்புக்கு என்ன வழி என்று அன்றே எழுதி வெளியிடட்டும். அது வந்தால் அடுத்த முறை நானும் ஆதரித்து வாக்களிப்பேன்.